இணையத்தில் மட்டும் பழகியவரை எப்படிப் புரிந்துகொள்வது?

கேள்வி: நேரில் பார்க்காமல் இணையத்தில் மட்டும் பழகுபவர்களின் குணத்தை எப்படி அறிவது? நமக்கு எது முக்கியம் என்று எப்படித் தெளிவது?

இந்த இரண்டையும் நான் கற்றது தமிழ் விக்கிப்பீடியாவில்தான். 2003இல் தொடங்கிய அந்தக் கலைக்களஞ்சியத்தில் பல ஆண்டுகளாக எழுதி வருகிறேன். அங்கே எனக்கு நெருக்கமான பலரை இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. சிலரின் இயற்பெயர்கூடத் தெரியாது. ஆனால் யாரை நம்பி ஒரு கட்டுரையை விடலாம் என்று நன்றாகத் தெரியும்.

அங்கே எல்லோருக்கும் பயனர் பக்கம் உண்டு. அதில் தன்னைப் பற்றி யார் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். நான் பார்ப்பது 'பயனர் பங்களிப்புகள்' பட்டியலை. எந்தக் கட்டுரையில் எதைச் சேர்த்தார், எதை நீக்கினார், அதற்கு என்ன காரணம் எழுதினார் என்று எல்லாமே அதில் இருக்கும். அதைவிட முக்கியம், தன் வரியை இன்னொருவர் நீக்கியதும் உரையாடல் பக்கத்தில் அவர் எப்படிப் பேசுகிறார் என்பது.

யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் தன் ஊர்க் கோயிலைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தார். 'இரண்டாயிரம் ஆண்டுப் பழமையானது' என்ற வரியின் பக்கத்தில், தமிழ்நாட்டுப் பயனர் ஒருவர் 'சான்று தேவை' என்று குறியிட்டார். சொந்த ஊர்க் கோயில், அதுவும் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த கதை. கோபம் வந்திருந்தாலும் யாரும் தப்புச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ அந்த வரியை 'ஊர் மக்களின் நம்பிக்கைப்படி' என்று மாற்றினார். அப்புறம் ஈழத்துத் தமிழ் நூல்களை மின்வடிவில் சேர்த்து வைக்கும் 'நூலகம்' என்ற இணையதளத்தில் தேடி, பழைய கும்பாபிஷேக மலர் ஒன்றைக் கண்டுபிடித்து, அதில் இருந்த திருப்பணி விவரங்களைப் பக்க எண்ணோடு சேர்த்தார். குறியிட்டவரும் சும்மா இருக்கவில்லை. அதே மலரைப் படித்துவிட்டு, 'இன்னும் இரண்டு தகவல் இருக்கிறது, சேர்க்கட்டுமா அண்ணா?' என்று கேட்டார். அந்த ஓர் உரையாடலிலேயே இரண்டு பேரும் எப்படிப்பட்டவர்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அதனால் என் யோசனை இதுதான்: அரட்டையில் மட்டும் பழகாதீர்கள். சேர்ந்து ஒரு வேலையை எடுத்துச் செய்யுங்கள். மெய்ப்புப் பார்ப்பதோ, மொழிபெயர்ப்போ, எதுவானாலும் சரி. எல்லாம் சுமுகமாகப் போகும்போது எல்லோருமே நல்லவர்கள்தான். கருத்து மோதும்போது கவனியுங்கள். பணம் கேட்பவர், தனியாகப் பேச வரும்படி அவசரப்படுத்துபவர் என்றால் இவ்வளவு யோசிக்கவே தேவையில்லை, விலகிவிடுங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நேர்மை, அன்பு, சமத்துவம் என்று தாளில் எழுதிப் பார்ப்பதால் எனக்குப் பெரிதாக ஒன்றும் விளங்கவில்லை. என் பங்களிப்புப் பட்டியலையே ஒருநாள் பொறுமையாகப் படித்தேன். எழுத்துப்பெயர்ப்பு, தலைப்பு, கிரந்த எழுத்து போன்ற சண்டைகளில் நான் சட்டென்று விட்டுக்கொடுத்திருந்தேன். ஆனால் உயிரோடு இருக்கும் ஒருவரின் கட்டுரையில் யாராவது அவருடைய சாதியைச் சேர்த்தால் மட்டும், ஒவ்வொரு முறையும் நின்று வாதாடியிருந்தேன். அவரே பொதுவெளியில் சொல்லாத ஒன்றை நாம் அவர் பெயரோடு ஒட்டக் கூடாது என்பதில் நான் அவ்வளவு உறுதியாக இருப்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. எதை விட்டுக்கொடுத்தீர்கள், எதற்காக நேரம் போனாலும் நின்றீர்கள் என்று நீங்களும் உங்கள் பழைய உரையாடல்களைப் புரட்டிப் பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சக பயனர் ஒருவர் இதில் என்னோடு முழுக்க ஒத்துப்போவதில்லை. சாதியைக் குறிப்பிடாமல் ஒடுக்குமுறையின் வரலாற்றை எப்படி எழுதுவது என்று கேட்பார். வரலாற்றுக் கட்டுரைகளைப் பொறுத்தவரை அவர் சொல்வது நியாயம் என்றே இப்போது நினைக்கிறேன். வாழ்பவர்கள் விஷயத்தில் என் நிலை மாறவில்லை. இருவரும் இன்னும் சேர்ந்துதான் எழுதுகிறோம்.