மாணவர் தலைவர் என்பது வெறும் அலங்காரப் பதவியா?

பள்ளி, கல்லூரிகளில் மாணவர் தலைவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள், அல்லது அது சட்டையில் குத்திக்கொள்ளும் வில்லையோடு முடிந்துவிடுகிற பதவிதானா என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளியில் வகுப்புத் தலைவனாகவும் கல்லூரியில் மாணவர் மன்றச் செயலாளராகவும் இருந்திருக்கிறேன். இரண்டிலும் நான் பெரிதாகச் சாதித்தவன் இல்லை. ஆனாலும், சொதப்பியவனுக்கு அந்த வேலை எங்கே வழுக்கும் என்பது கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

எட்டாம் வகுப்பில் என் வேலை இதுதான்: வருகைப் பதிவேட்டை எடுத்துவருவது, சாக்பீஸ் தீர்ந்தால் வாங்கிவருவது, ஆசிரியர் வெளியே போனால் பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதுவது. மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. என் பெஞ்சில் இருந்தவனின் பெயரை நான் ஒருநாளும் எழுதியதில்லை. அது வகுப்புக்கே தெரியும். ஒருநாள், வாயே திறக்காத ஒருவனின் பெயரை எழுதினேன். காலையில் அவனோடு ஏதோ சண்டை, அவ்வளவுதான் காரணம். அவன் பாடவேளை முழுவதும் வெளியே நின்றான். உள்ளே வந்தபோது என்னைத் திட்டவில்லை. பலகையில் இருந்த தன் பெயரை ஒருமுறை பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டான். பதின்மூன்று வயதுப் பையனிடம் சாக்பீஸைக் கொடுத்து நீதிபதி ஆக்கினால் வேறென்ன நடக்கும்? அந்த ஆண்டு நான் பார்த்தது கங்காணி வேலை.

இந்த வேலைக்கு நீண்ட வரலாறு உண்டு. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் இவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். ஒரே ஒரு வாத்தியார், பல வயதுப் பிள்ளைகள். மூத்தவன் சின்னவர்களுக்கு எழுத்தும் சொல்லித்தருவான், அதட்டவும் செய்வான். சென்னையில் ஓர் அநாதை விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், மாணவர்களைக் கொண்டே மாணவர்களுக்குக் கற்பிக்கும் முறையை அங்கே வளர்த்தெடுத்து, 1797இல் அதைப் பற்றி லண்டனில் நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தில் பரவியது. இதற்கு நேர்மாறான கதையும் இருக்கிறது. இடைக்கால இத்தாலியின் பொலோனா பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் சங்கமாகக் கூடித் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். பேராசிரியர்கள் அந்தச் சங்கத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும். பாடத்தைத் தாமதமாகத் தொடங்கினால் அபராதம், நேரம் தாண்டி இழுத்தாலும் அபராதம். (நேரம் தாண்டி இழுக்கும் ஆசிரியர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொலோனா ஞாபகம் வரும்.)

இன்றைய மாணவர் தலைவர் இந்த இரண்டு வம்சத்துக்கும் வாரிசு. தலைமையாசிரியர் அவரைச் சட்டாம்பிள்ளையாகப் பார்க்கிறார், மாணவர்கள் தங்கள் வக்கீலாகப் பார்க்கிறார்கள். நடுவில் நிற்பவருக்கு இரண்டு பக்கமும் இடி. நான் அறிந்தவரை அவருடைய உண்மையான வேலை, இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கமும் அந்தப் பக்கத்துப் பேச்சை இந்தப் பக்கமும் கூட்டாமல் குறைக்காமல் கொண்டுபோவது. போவது எல்லோருக்கும் பிடிக்கும். கையில் மனு, பின்னால் பத்துப் பேர், முதல்வர் அறை வாசல்! திரும்பி வருவதில்தான் பாதிப் பேர் தவறிவிடுகிறோம்.

நான் தவறிய கதையைச் சொல்கிறேன். எங்கள் கல்லூரி நூலகத்தை மாலை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். எட்டு மணிவரை திறந்திருக்க வேண்டும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனோம். முதல்வர் பொறுமையாகக் கேட்டார். "இருப்பது இரண்டே பணியாளர்கள். ஐந்து மணிக்குமேல் யாரை உட்கார வைப்பது? இந்த ஆண்டு முடியாது" என்றார். தெளிவான பதில். ஆனால் வெளியே காத்திருந்த கூட்டத்தைப் பார்த்ததும் எனக்கு நாக்கு எழவில்லை. "பரிசீலிப்பதாகச் சொல்லியிருக்கிறார்" என்றேன். கைதட்டினார்கள். ஒரு மாதம் கழித்து, எப்போது திறப்பார்கள் என்று தினமும் கேட்க ஆரம்பித்தார்கள். பிறகு முதல்வரைத் திட்டினார்கள். அதற்கும் பிறகு யாரோ நேரே அவரிடமே போய்க் கேட்டுவிட்டார்கள். அன்று மாலை முதல் நான் சொன்ன எதையும் ஒருவரும் நம்பவில்லை. அவரும் என்னைப் பார்த்தால் கடிகாரத்தைப் பார்ப்பார். பொய் என்று சொல்ல முடியாத அளவுக்குச் சின்னப் பொய்தான். ஆனால் இரண்டு பக்கத்திலும் என் கணக்கை மூடிவிட்டது.

அடுத்த ஆண்டு செயலாளராக வந்த மாணவி என்னைவிட இரண்டு வயது இளையவர், பேச்சில் கெட்டிக்காரர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவர் முதலில் மனுவே எழுதவில்லை. இரண்டு மாதம், தினமும் நூலகம் மூடும் நேரத்தில் உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிக் குறித்துவந்தார். சாதாரண நாள்களில் ஐந்தாறு பேர்தான். தேர்வுக்கு முந்தைய மூன்று வாரங்களில் மட்டும் உட்கார இடமில்லை. அந்த மூன்று வாரத்துக்கு மட்டும், அதுவும் ஏழு மணிவரை போதும் என்று கேட்டார். மேற்பார்வைக்கு மாணவர்களில் முறைபோட்டு ஆள் தருவதாகவும் சொன்னார். அடுத்த பருவத் தேர்வுக்குள் கிடைத்துவிட்டது. ஏன் எட்டு மணி கேட்கவில்லை என்று மாணவர்களில் சிலர் அவரிடம் சண்டைக்கு வந்தார்கள். எண்ணிக்கை எழுதிய நோட்டைக் காட்டினார். அவ்வளவுதான் அவருடைய சொற்பொழிவு.

தலை எண்ணிப் பணிவாகக் கேட்டால் எல்லாம் கிடைத்துவிடும் என்று சொல்ல வரவில்லை. 1951இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ஃபார்ம்வில் என்ற சிற்றூரில், கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்ட மோட்டன் உயர்நிலைப் பள்ளியில் இடம் போதாமல் தார்க் காகிதம் போர்த்திய கொட்டகைகளில் பாடம் நடந்தது. பெற்றோர்கள் கேட்டுப் பார்த்தார்கள், கல்வி வாரியம் இழுத்தடித்தது. பார்பரா ஜான்ஸ் என்ற பதினாறு வயது மாணவி, நம்பிக்கையான சிலரை மட்டும் ரகசியமாகச் சேர்த்துக்கொண்டு மாதக்கணக்கில் திட்டமிட்டார். ஏப்ரல் 23 அன்று ஒரு பொய்த் தொலைபேசி அழைப்பால் தலைமையாசிரியரை வெளியே அனுப்பிவிட்டு, எல்லோரையும் அரங்கில் கூட்டி, வேலைநிறுத்தத்தைத் தொடங்கினார். புதுக் கட்டடம் கேட்டுத் தொடங்கிய போராட்டம், நிறப் பிரிவினையையே எதிர்க்கும் வழக்காக மாறியது. 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்தபோது, அதில் சேர்த்து விசாரிக்கப்பட்ட ஐந்து வழக்குகளில் இதுவும் ஒன்று. கேட்டுக் கேட்டு வாசல் தேய்ந்தபிறகு வந்த வேலைநிறுத்தம் அது. முதல் வாரமே கோஷம் போடும் தலைவர்கள் இந்தக் கதையை மேற்கோள் காட்டும்போது, அந்த மாதக்கணக்கை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது தனிக் கேள்வி. ஆசிரியர் நியமித்தால் நல்ல மதிப்பெண் வாங்குகிறவர் வருவார், தேர்தல் வைத்தால் நன்றாகச் சிரிக்கத் தெரிந்தவர் வருவார். பொலிவியாவின் கோச்சபாம்பாவில் சில பள்ளிகளில் குலுக்கல் போட்டு மாணவர் மன்றம் அமைத்துப் பார்த்திருக்கிறார்கள். வாய் திறக்கக் கூச்சப்படுகிற பிள்ளைக்கும் அப்போது இடம் கிடைக்கிறது. எனக்கு இந்த முறைமீது ஒரு சாய்வு உண்டு, குறிப்பாகப் பள்ளிகளில்.

குலுக்கல் நமக்குப் புதிதும் இல்லை. உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டிவைத்த கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுக்க, தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்ன முறையை அவை விவரிக்கின்றன. அதில் எனக்கு மிகவும் பிடித்தது தகுதியின்மைப் பட்டியல். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர்களின் பெயரையும் இடக்கூடாது.

மாணவர் தலைவர்கள் இன்று பெரும்பாலும் மறந்துபோகிற வேலை அந்தக் கணக்குதான். ஆண்டு விழாவுக்கு வசூல் செய்வார்கள், விழா முடிந்ததும் புகைப்படங்கள் வரும், ரசீதுகள் வராது. நானும் விதிவிலக்கில்லை. எங்கள் விழாக் கணக்கை இரண்டு மாதம் தாமதமாகத்தான் அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். அதிலும் இரண்டு ரசீதுகள் எங்கே போயின என்று கடைசிவரை தெரியவில்லை. உத்திரமேரூர்ச் சபையார் மட்டும் பார்த்திருந்தால், என் பெயர் இருக்கட்டும், என் அத்தை மகன், மாமா மகன் பெயர்கூட அந்தக் குடத்துக்குள் போயிருக்காது.