எட்டு வேடம், குரலே இல்லாமல்

கேள்வி: ஊமைப்பட நடிகைகளை எதற்கு இவ்வளவு தூக்கிப் பேசுகிறீர்கள்? அழகான முகம் இருந்தால் போதும் என்றிருந்த காலம். படம் பேச ஆரம்பித்ததும் எல்லோரும் காணாமல் போய்விட்டார்களே? – ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: முகம் போதும் என்று உங்களுக்கு யார் சொன்னது? சுலோசனாவையே எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தப் பெயர் ரூபி மையர்ஸ். புனேயில் பிறந்த யூதப் பெண். டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவரை நடிக்கக் கூப்பிட்டவர் கோஹினூர் கம்பெனி டைரக்டர் மோகன் பவ்னானி. முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னார். சினிமாவுக்குப் போகிற பெண்ணை ஊர் என்ன பேசும் என்று அவருக்குத் தெரியாதா?

1927-ல் 'வைல்ட்கேட் ஆஃப் பாம்பே' படத்தில் அவருக்கு எட்டு வேடம். தோட்டக்காரர், போலீஸ்காரர், ஹைதராபாத் கனவான், வாழைப்பழம் விற்கிறவர், வெள்ளைக்காரப் பெண் என்று போகிறது பட்டியல். இன்று மூன்று வேடம் கட்டுகிறவருக்குக் குரலாவது கைகொடுக்கும். இவருக்கு நடையும் பார்வையும் விட்டால் வேறு என்ன இருந்தது?

பேசும் படம் வந்தபோது அவருக்கு இந்துஸ்தானி சரளமாக வராது, உண்மைதான். அப்போது அவர் இருந்த இம்பீரியல் கம்பெனியே 1931-ல் இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா'வை எடுத்தது; கதாநாயகி ஜுபைதா. (அவரும் ஊமைப்படத்திலிருந்து வந்தவர்தான்.) சுலோசனா மூலையில் உட்காரவில்லை. நடிப்பை நிறுத்திவிட்டு மொழியைப் படித்தார். 1928-ல் ஊமையாக வந்த 'மாதுரி'யிலேயே 1932-ல் பேசி நடித்து ஜெயித்தார்.

அதே இம்பீரியல்தான் தமிழின் முதல் பேசும் படமான நம் 'காளிதாஸ்' படத்தையும் எடுத்தது. அதில் தமிழில் பேசிப் பாடிய டி.பி.ராஜலட்சுமியும் ஊமைப்படத்தில் நடித்தவர்தான். இவர்களா காணாமல் போனவர்கள்?

காணாமல் போனது படச்சுருள். இந்தியாவில் எடுத்த ஊமைப்படங்கள் ஆயிரத்துக்கு மேல். மிஞ்சியவை மிகக் கொஞ்சம். அதனால்தான் உங்களைப் போன்றவர்கள் அந்த நடிப்பைப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்ல முடிகிறது. எனக்கு அதுதான் ஆற்றாமை.

அப்புறம் சுலோசனாவுக்கும் வாய்ப்புக் குறைந்தது. சின்ன வேடங்களுக்கு வந்தார், நடிப்பை விடவில்லை. 1973-க்கான தாதாசாகேப் பால்கே விருது அவருக்குத்தான். 1953-ல் வந்த 'அனார்கலி' கிடைத்தால் பாருங்கள். கதாநாயகி பீனா ராய். சலீமின் அம்மா ஜோதாபாயாக ஒருவர் வருவார், அவர் மேல் கண்ணை வையுங்கள். 1928-லும் 1935-லும் அனார்கலியாகவே நடித்தவர் அவர்.