வடிகால் காலியாக இருக்க, தெருவில் ஏன் தண்ணீர் நிற்கிறது?

கேள்வி: எங்கள் தெருவில் புதிதாக மழைநீர் வடிகால் கட்டியிருக்கிறார்கள். ஆனாலும் மழை பெய்தால் கணுக்கால் வரை தண்ணீர். ஊழியர்கள் வந்து மூடியைத் திறந்தபோது, உள்ளே பாதிகூட நிறையவில்லை. இன்னும் பெரிதாகக் கட்டியிருக்க வேண்டுமோ?

பதில்: உள்ளே இடம் இருக்கிறதே, அப்புறம் அளவைக் குறை சொல்லி என்ன பயன்? தண்ணீருக்கு உள்ளே இறங்க வழியில்லை. வடிகால் வேலையிலேயே பல வருஷம் கழித்தவன் நான். இந்தப் புகாரோடு வருகிறவர்களிடம் முதலில் கேட்பது, “ரோட்டுக்கு வாட்டம் இருக்கிறதா?” என்றுதான்.

ரோட்டின் நடுப்பகுதி சற்று உயர்ந்து, இரண்டு ஓரங்களுக்கும் மீட்டருக்கு 2 முதல் 2.5 சென்டிமீட்டர் வரை சரிய வேண்டும். ஓரத்துக்கு வந்த தண்ணீர் ஓரக்கல்லை ஒட்டியே ஓடி, அடுத்த சல்லடை மூடியில் இறங்கும். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே புதுத் தார் போட்டால் இந்த வாட்டம் கெட்டுப்போகும். வடிகாலின் வாய் ரோட்டைவிட இரண்டு விரல் உயரத்தில் அமைந்துவிட்டால் கதை முடிந்தது. அந்த இரண்டு விரல் உயரத் தண்ணீர் தானாக வடியவே வடியாது.

வாட்டம் சரி என்றால், சல்லடையைப் பாருங்கள். 100 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலமுள்ள தெருவில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், ரோட்டில் விழுவது மட்டும் 50,000 லிட்டர். மாடிகளிலிருந்து கொட்டுவது தனி. அத்தனையும் அந்தக் கம்பி இடுக்குகள் வழியாகத்தான் போயாக வேண்டும். முதல் மழையில் ரோட்டுச் செத்தை எல்லாம் அங்கேதான் வந்து சேரும். ஈர இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கம்பியில் ஒட்டும். அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பை வந்து படிந்தால் தண்ணீரின் பாரமே அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் ஓரக்கல்லின் பக்கவாட்டிலும் ஒரு திறப்பு விடச் சொல்கிறோம். மேல்வாய் அடைத்தாலும் பக்கவாய் இழுக்கும்.

சல்லடைக்குக் கீழே ஒரு வண்டல் தொட்டி இருக்கும். அதன் அடித்தளம் வெளியேறும் குழாயைவிடத் தாழ்ந்திருப்பதால் மணலும் கல்லும் அங்கேயே தங்கும். மழைக்காலத்துக்கு முன் தூர் வாராவிட்டால் தொட்டி நிறைந்து வண்டல் குழாய்க்குள் போய்விடும். குழாயில் நீரோட்டம் நொடிக்கு சுமார் 0.6 மீட்டருக்குக் குறைந்தாலும் மணல் படியத் தொடங்கும். பம்பு இல்லாத இடங்களில் ஓட்டத்துக்கு ஒரே துணை வாட்டம்தான்.

உங்கள் தெருவில் வடிகால் பாதிகூட நிறையாதபோதே ரோட்டில் தண்ணீர் நிற்கிறது. அதனால் முதலில் வாயைத்தான் சரிபார்க்கச் சொல்வேன். வடிகால் ததும்பி, சல்லடை வழியே தண்ணீர் மேலே எதிர்த்து வந்தால் அது வேறு நோய். கடைசியில் போய்ச் சேரும் ஆற்றிலோ கடலிலோ நீர்மட்டம் ஏறியிருக்கும், இல்லையென்றால் வழியில் எங்கோ அடைப்பு இருக்கும். அங்கே உங்கள் தெருவை எத்தனை முறை தோண்டினாலும் பலன் இல்லை.

அடுத்த மழையில் தண்ணீர் முதலில் எங்கே தேங்குகிறது என்று வீட்டு வாசலிலிருந்தே படம் எடுத்து, புகாரோடு கொடுங்கள். தயவுசெய்து தேங்கிய தண்ணீரில் இறங்கி நீங்களே மூடியைத் திறக்காதீர்கள். திறந்த குழி தண்ணீருக்கடியில் தெரியாது, அதில் விழுந்து உயிர் போயிருக்கிறது.

கேள்வி: சமையலறைக் கழிவுநீரை மழைநீர் வடிகாலில் விட்டால் என்ன?

பதில்: விடவே கூடாது. பெரும்பாலான இடங்களில் மழைநீர் வடிகால் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் நேராக ஏரிக்கோ ஆற்றுக்கோ போகிறது. உங்கள் எண்ணெய்ப் பிசுக்கும் அப்படியே போகும், போகிற வழியில் வண்டலோடு கெட்டிப்பட்டுக் குழாயையும் அடைக்கும். மொட்டைமாடி மழைநீரைப் பாதாளச் சாக்கடையில் இணைப்பதும் இதே அளவு தவறு. அந்தக் குழாய் அவ்வளவு தண்ணீரைத் தாங்காது, தாழ்வான வீடுகளில் கழிவறை வழியே பொங்கும்.