85,000 ரூபா லப்டொப்: முற்பணம் அனுப்பலாமா?

கேள்வி: மகள் கோணேசபுரி வளாகத்தில் முகாமைத்துவம் படிக்கத் தெரிவாகியிருக்கிறாள். கையில் 90,000 ரூபா இருக்கிறது. வெள்ளவத்தையில் ஒருவர் பாவித்த லெனோவோ திங்க்பேட் டி480 லப்டொப்பை 85,000 ரூபாவுக்கு ஒன்லைனில் போட்டிருக்கிறார். 20,000 ரூபா முற்பணம் போட்டால் கூரியரில் அனுப்புவாராம். அனுப்பலாமா? அல்லது சங்கிலியை அடைவு வைத்துப் புதிதாகவே வாங்கட்டுமா?
- வாசகி, உப்புவெளி

பதில்: முற்பணம் வேண்டாம், சகோதரி. ஆளையும் பொருளையும் பார்க்காமல் ஒரு சதமும் போகக்கூடாது. ஒன்லைனில் மாற்றும் காசு உடனேயே மற்றவர் கணக்கில் விழுந்துவிடும். அவர் அதை எடுத்துவிட்டால், பிறகு வங்கியில் போய் நின்றும் பயனில்லை. கூரியர்காரரிடம் காசு கொடுத்து வாங்கினாலும் இதே கதைதான்: பெட்டியைப் பிரிக்கு முன்பே காசைக் கேட்பார்கள்.

மகளோடு இரவு பஸ் ஏறுங்கள், இல்லையேல் கொழும்பில் இருக்கும் விஷயம் தெரிந்த உறவினரை அனுப்புங்கள். அந்தச் செலவையும் லப்டொப்பின் விலையோடு சேர்த்தே கணக்குப் பாருங்கள்.

டி480 நல்ல தெரிவுதான். ஆனால் அதற்கு முந்திய டி470 பார்வைக்கு ஏறக்குறைய அதே மாதிரி இருக்கும். மெஷினின் மூளையான புரொசெசரின் பெயரில் ஐ5 என்பதற்குப் பின்னால் வரும் நான்கு இலக்க எண் 8 இல் தொடங்க வேண்டும். 6, 7 என்றால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10 க்கான வழமையான பாதுகாப்பு அப்டேட்டுகளோ 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றுவிட்டன. நான்கு வருடம் ஓட வேண்டிய மெஷினுக்கு இது சின்ன விஷயமல்ல.

பலர் ஏமாறுவது, மெஷின் பூட்டப்பட்டிருப்பது தெரியாமல் வாங்குவதில். இந்த ரக லப்டொப்புகளில் அநேகம் கம்பனிகள் பாவித்துக் கழித்தவை. மெஷினை ஓன் செய்தவுடன் எப்1 பொத்தானை அழுத்துங்கள். பயோஸ் (விண்டோஸுக்கு முன்பே வரும் அடிப்படை செட்டிங்) திரை கடவுச்சொல் கேட்டு, அது விற்பவருக்கும் தெரியாதென்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். அந்தப் பூட்டை எடுக்க, உள்ளேயிருக்கும் பிரதான பலகையான மதர்போர்டையே மாற்ற வேண்டி வரலாம். அந்தத் திரையில் தெரியும் சீரியல் இலக்கமும் அடிப்பக்க ஸ்டிக்கரும் ஒன்றா என்றும் பாருங்கள். அடுத்தது, விண்டோஸை முழுதாக ரீசெட் செய்து வைக்கும்படி முன்கூட்டியே சொல்லி, முதல் செட்அப்பை உங்கள் போன் இணையத்தில் உங்கள் முன்னாலேயே செய்யச் சொல்லுங்கள். ஏதாவது நிறுவனத்தின் பெயர் வந்து அதன் மின்னஞ்சலைக் கேட்டால், அந்த மெஷின் இன்னும் அந்த நிறுவனத்தின் பிடியில்தான் இருக்கிறது. இணையம் இல்லாமல் செட்அப் செய்து காட்டினால் இது தெரியாது.

டி480 க்குப் பற்றரி இரண்டு: உள்ளே ஒன்று, பின்னால் கழற்றக்கூடியது ஒன்று. விண்டோஸின் பற்றரி ரிப்போர்ட்டில் இரண்டும் தனித்தனியாக வரும். உள்ளே இருப்பது புதிதில் சுமார் 24,000 மில்லிவாட் மணி. இப்போது 12,000 தான் நிரம்புகிறதென்றால் பாதி போய்விட்டது. சார்ஜரை இரண்டு யூஎஸ்பி-சி போர்ட்டிலும் (சார்ஜர் செருகும் துளை) செருகிப் பாருங்கள். இந்த மொடலில் பழைய ஃபேர்ம்வெயர் (போர்ட்டை இயக்கும் உள் மென்பொருள்) கோளாறால் சி போர்ட் செயலிழப்பதுண்டு. போன் டோர்ச்சால் யூஎஸ்பி துளைகளையும் அடிப்பக்க ஆணிகளையும் பாருங்கள். வெள்ளவத்தையும் நம் திருமலை போலக் கடற்கரை ஊர். உப்புக்காற்றில் கிடந்ததென்றால் பச்சைக் களிம்போ துருவோ அங்கேதான் முதலில் தெரியும்.

இனிக் காசு. 90,000 ரூபாவில் 15,000 ரூபாவைத் தொடாதீர்கள். பற்றரியோ எஸ்எஸ்டியோ (ஃபைல்களைச் சேமிக்கும் டிரைவ்) மாற்ற அது வேண்டும். போக்குவரத்துக்கு 5,000 ரூபா என்று வைத்தால், நீங்கள் கொடுக்கக்கூடிய உச்சவிலை 70,000 ரூபா. போகுமுன் நகரிலுள்ள கணினிக் கடையில் புதுப் பற்றரியின் விலையைக் கேட்டுக் குறித்துக்கொண்டால், பேரம் பேச அதுவே போதும்.

காசைக் கையில் கொண்டு அலையாமல், எல்லாம் பார்த்து முடிந்தபின் ஏதாவது வங்கிக் கிளைக்குள் இருந்தே மாற்றிவிடுங்கள். கணக்கின் பெயர் அவருடைய அடையாள அட்டையில் உள்ள பெயராக இருக்க வேண்டும். திகதி, விலை, சீரியல் இலக்கம், அடையாள அட்டை இலக்கம், “இது என் சொந்தப் பொருள்” என்ற வரி, கையொப்பம்: ஒரு தாளில் இவ்வளவும் வாங்குங்கள். நாளை அது களவுப் பொருள் என்று பொலிஸ் வந்தால், நீங்கள் நேர்மையாக வாங்கியதைக் காட்ட இந்தத் தாள் வேண்டும்.

சங்கிலி இருக்கட்டும். ஆண்டு வட்டி 15 சதவீதம் என்று வைத்தாலும் 100,000 ரூபாவுக்கு மாதம் 1,250 ரூபா வட்டி மட்டும் போகும். லப்டொப்பின் விலையோ வாங்கிய அன்றே இறங்கத் தொடங்கிவிடும். வேர்ட், எக்செல், சூம் வகுப்புக்கு 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் உள்ள டி480 தாராளம்.

விற்பவருக்கு இன்றே இப்படி எழுதுங்கள்: “நேரில் வந்து பார்த்து, முழுக் காசையும் அங்கேயே தருகிறோம். சீரியல் ஸ்டிக்கரின் படமும் பற்றரி ரிப்போர்ட்டும் அனுப்புங்கள்.” அனுப்பினால் நாள் குறியுங்கள். முற்பணம் இல்லாமல் முடியாது என்றால் அடுத்த விளம்பரத்தைப் பாருங்கள்.