துளைபட்ட கோப்பை

கேள்வி: தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் சுவரின் நிறம், மேசைமேல் இருக்கும் கோப்பை என எல்லாவற்றுக்கும் உட்பொருள் சொல்கிறார்கள். இயக்குநர் இதையெல்லாம் நினைத்துத்தான் வைக்கிறாரா, அல்லது பார்க்கிறவர்கள் ஏற்றிச் சொல்வதா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பெரும்பாலும் ஏற்றிச் சொல்வதுதான். சிவப்பு என்றால் கோபம், கண்ணாடியில் முகம் தெரிந்தால் இரட்டை மனம் என்று அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு காட்சியைப் பார்ப்பவர்களை நானும் நம்புவதில்லை. சட்டகத்துக்குள் இருக்கும் ஒரு பொருளைக் கதாபாத்திரம் எடுத்து எதையாவது செய்து, கதையும் அதனிடம் மீண்டும் திரும்பி வந்தால்தான் அதற்குப் பொருள் தேடலாம் என்பது என் கணக்கு.

நீங்கள் கோப்பையைச் சொன்னதால், ‘பெட்டர் கால் சால்’ என்ற அமெரிக்கத் தொடரில் வரும் ஒரு கோப்பையையே எடுத்துக்கொள்கிறேன். 2016-இல் வெளியான அதன் இரண்டாவது சீசனில், வழக்கறிஞர் ஜிம்மி மெக்கிலுக்குப் பெரிய நிறுவனம் ஒன்றில் வேலையும் அதோடு விலையுயர்ந்த காரும் கிடைக்கின்றன. அவனுடைய தோழி கிம், ‘உலகின் இரண்டாவது சிறந்த வழக்கறிஞர்’ என்ற வாசகத்துடன் பயணக் கோப்பை ஒன்றைப் பரிசளிக்கிறாள். புதிய காரில் கோப்பை வைக்கும் குழியோ அதற்குச் சிறியதாக இருக்கிறது. இந்த வேலை தனக்கு ஒத்துவரவில்லை என்று ஜிம்மி யாரிடமும் புலம்புவதில்லை. ஆறாவது பகுதியின் முடிவில் ஓர் இரும்புக் கம்பியை எடுத்து, அந்தக் குழியை இடித்து நெம்பி உடைத்து, கோப்பையை உள்ளே திணித்துவிடுகிறான். அவன் காரின் அளவுக்கு ஏற்ற வேறு கோப்பை வாங்கியிருக்கலாம். அதை விட்டுவிட்டுக் காரையே உடைக்கிறான் என்பதில்தான் அவன் குணம் முழுவதும் இருக்கிறது. அடுத்த பகுதியிலேயே, தன்னை வேலையிலிருந்து நீக்கும்படி செய்ய அவன் பகட்டான உடைகளில் அலுவலகம் வருவதைப் பார்க்கும்போது நமக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை.

2020-இல் வந்த ஐந்தாவது சீசனில் கதை அதே கோப்பையிடம் திரும்புகிறது. பாலைவனத்தில் 70 லட்சம் டாலர் ஜாமீன் பணத்தை எடுத்துவரும் வழியில் நடக்கும் துப்பாக்கிச் சூட்டில் கோப்பையில் குண்டு துளைத்துவிடுகிறது. வீடு திரும்பும் ஜிம்மி, கார் பழுதாகி நடந்து வந்ததாகக் கிம்மிடம் பொய் சொல்கிறான். கிம்மோ அந்தக் கோப்பையைப் பார்த்துவிடுகிறாள். அந்த ஓட்டையே அவளுக்குப் போதுமானதாக இருக்கிறது. இங்கே கோப்பை எதற்கோ குறியீடாக நிற்பதைக் காட்டிலும், ஒரு வசனம் செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறது என்று சொல்வதே சரி.

நிறத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஜிம்மி வேறு பெயரில் ஒளிந்து வாழும் பிற்காலக் காட்சிகள் இத்தொடரில் கறுப்பு வெள்ளையில் வருகின்றன. 2022-இல் வந்த கடைசிப் பகுதியில், சிறையில் இருக்கும் அவனைக் காண வரும் கிம், முதல் பகுதியில் செய்ததைப் போலவே அவனோடு ஒரு சிகரெட்டைப் பகிர்ந்துகொள்கிறாள். கறுப்பு வெள்ளைக் காட்சிக்குள் நெருப்பு மட்டும் வண்ணத்தில் தெரிகிறது. இதைத் தற்செயல் என்று சொல்ல வழியில்லை, ஏனென்றால் யாரோ ஒருவர் உட்கார்ந்து அந்தச் சிறு புள்ளிக்கு மட்டும் நிறத்தை விட்டுவைத்திருக்கிறார். அவர்கள் பின்னால் உள்ள சுவரின் பூச்சு என்ன நிறம் என்று கேட்டால், எனக்கு அதில் அக்கறை இல்லை.