பிஎஸ்சி கெமிஸ்ட்ரி படிக்கிறப்பவே திருப்பூர் பக்கம் ஸ்டைபண்டோட இன்டர்ன்ஷிப் கிடைக்குமா?

கிடைக்குமுங்க, ஆனா ஐடி கம்பெனியவே பாத்துட்டிருந்தா கண்ணுல படாது. திருப்பூர் சாயப்பட்டறைங்க 2011 ஹைகோர்ட் உத்தரவுக்கப்புறம் சாயத்தண்ணிய ஒரு சொட்டுகூட வெளிய விடாம சுத்திகரிச்சு மறுபடி உபயோகிக்கோணும், அதனால பொது சுத்திகரிப்பு நிலையத்துல டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்கற உப்பு மாதிரி பொருளோட அளவு), சிஓடி (கழிவு எவ்வளவுன்னு காட்டற ஆக்சிஜன் தேவை), பிஹெச் (அமில-காரத் தன்மை) எல்லாம் தினமும் பாக்க லேப்ல ஆள் வேணும், லீவுக்கு முன்னாடியே ஹெச்ஓடி லெட்டரோட நேர்ல போய் லேப் இன்சார்ஜப் பாத்துக் கேளுங்க. துணில சாயம் போகுதான்னு டெஸ்ட் பண்ற லேப்புங்களும் இருக்கு. மத்திய அரசோட பிஎம் இன்டர்ன்ஷிப் திட்டத்துல மாசம் 5000 ரூபாய்னு சொல்வாங்க, 2024ல ஆரம்பிச்சப்போ போட்ட விதிப்படி அது 21லருந்து 24 வயசுக்குள்ள, ஃபுல்டைம் படிப்புல இல்லாதவங்களுக்குத்தான், அதனால டிகிரி முடிச்சப்புறம் பாருங்க. இன்டர்ன்ஷிப் தர்றோம்னு உங்ககிட்டயே காசு கேக்கற எடத்துக்குப் போகவே வேண்டாம். ஸ்டைபண்ட் எவ்வளவுன்னு சேர்றப்பவே எழுதி வாங்கிக்கோங்க, நாள் முழுக்க நின்னு வேலை பாக்கற பசங்களுக்கு பஸ் காசுகூட குடுக்காம அனுப்பறது பெரிய தப்புங்க.