40 சதவீத ஊனத்துக்கு 2 லட்சம்தானா?

கேள்வி: மதுரையில் மூட்டை தூக்கும் வேலை பார்க்கிறேன். வயது 34. லாரி மோதி வலது கால் முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். மெடிக்கல் போர்டு 40 சதவீத நிரந்தர ஊனம் என்று சான்று தந்திருக்கிறது. வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் வழக்கு நடக்கிறது. சதவீதத்துக்கு 5,000 வீதம் 2 லட்சம், ஆஸ்பத்திரி பில் தனி, லோக் அதாலத்தில் முடித்துக்கொள்ளலாம் என்கிறது இன்சூரன்ஸ் தரப்பு. சம்மதிக்கலாமா?

பதில்: இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். லோக் அதாலத் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது.

சதவீதத்துக்கு இவ்வளவு என்பது, ஊனம் இருந்தும் பிழைப்பு கெடாதவருக்கான கணக்கு. உங்களுக்குக் கேட்க வேண்டியது பெருக்கி முறை, அதாவது ஆண்டு வருமானத்தை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் (பெருக்கி) பெருக்கும் கணக்கு. மாத வருமானம் 15,000 என்று வையுங்கள். சொந்த உழைப்பில் வாழும் 40 வயதுக்கு உட்பட்டவருக்கு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்க்கச் சொல்கிறது உச்ச நீதிமன்றத்தின் பிரணய் சேத்தி தீர்ப்பு (2017). ஆக 21,000, ஆண்டுக்கு 2,52,000. சரளா வர்மா தீர்ப்பின்படி (2009) 31 முதல் 35 வயதுக்குப் பெருக்கி 16. மொத்தம் 40,32,000. சம்பாதிக்கும் திறனில் 40 சதவீதம் போனது என்று ஏற்கப்பட்டால் உங்களுக்கு 16,12,800. இறப்பு வழக்கில் போலச் சொந்தச் செலவுக் கழிவு (இறந்தவர் தனக்காகச் செலவழித்திருக்கக்கூடிய பங்கைக் கழிப்பது) இதில் இல்லை.

ஆனால் அந்த 40, காலுக்கா, முழு உடலுக்கா? சான்றை எடுத்துப் பாருங்கள். காலுக்கு மட்டும் என்றால், முழு உடல் ஊனம் குறைவு என்று எதிர்த்தரப்பு வாதிடும். அதற்கான பதில் உச்ச நீதிமன்றத்தின் ராஜ்குமார் தீர்ப்பில் (2010) இருக்கிறது: மருத்துவ சதவீதம் வேறு, வருமான இழப்பு சதவீதம் வேறு. இதே கால் முறிவால் எழுத்தருக்குச் சம்பளம் குறையாமல் போகலாம்; உங்களுக்கு 40-ஐத் தாண்டவும் செய்யலாம். சான்றை மட்டும் தாக்கல் செய்து விட்டுவிட்டால் இங்கேதான் அடி விழும். மருத்துவரைக் கூண்டில் ஏற்றி, குத்தவைக்க முடியுமா, 50 கிலோ மூட்டையோடு படி ஏற முடியுமா என்று உங்கள் வக்கீல் கேட்க வேண்டும்.

வருமானத்துக்கு ஆதாரம் இல்லாவிட்டால் தீர்ப்பாயம் தானே ஒரு தொகையை உத்தேசமாக வைக்கும், பெரும்பாலும் குறைவாக. நலவாரிய அட்டை, பாஸ்புக், மண்டி முதலாளியின் சாட்சியம் மூன்றும் வேண்டும்.

வேலைக்குப் போகாத மாதங்களின் கூலி, வலி வேதனை, உதவியாளர் செலவு, ஊட்டச்சத்து, போக்குவரத்து எல்லாம் தனித் தலைப்புகள். மனு போட்ட நாளிலிருந்து வட்டியும் கேளுங்கள். பெருக்கி முறையில் வாங்கிய பிறகு அதே ஊனத்துக்குச் சதவீதக் கணக்கிலும் கேட்டால் நிற்காது.

சமரசமே வேண்டாம் என்றில்லை. மருத்துவர் சாட்சியம் பதிவான பிறகு லோக் அதாலத்துக்குப் போங்கள். பேச்சு 2 லட்சத்தில் தொடங்காது.